எல்லைக்கல்லும் என் சமையலறையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நலமில்லை. போன மாதம் நான் ஊரில் இல்லாதபோது நீ வந்திருந்த நாலு நாளில் வீட்டு வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்து கொடுத்தாயாமே, உன் அக்கா இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். இனி அவள் நின்று பூரிக்க ஒரு சமையலறை மிஞ்சுமா என்றுதான் தெரியவில்லை.

பின்வீட்டுப் பல் டாக்டர் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். டவுன்ஷிப் விதிப்படி எல்லைக்கல்லிலிருந்து மூன்று அடி விட்டுத்தான் எதையும் கட்ட வேண்டும். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், விதி மீறலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா, புகார் எழுதிப் போட்டேன். நேற்று அளவைக்கார அம்மா டேப்போடு வந்தார், வேலியோரம் தேடினார், அங்கே குழிதான் இருந்தது, கல்லைக் காணோம், கொல்லையைச் சுற்றிவிட்டு நேராக நம் பின்வாசலுக்கு வந்து படிக்கல்லைத் துடைப்பத்தால் தேய்த்தார். பார்த்தால் டவுன்ஷிப் முத்திரை! நான் தினமும் மிதித்து இறங்குகிற படி!

“கல்லு எங்க இருக்கோ அதுதான் சார் எல்லை.”

“குழி அங்க இருக்கேம்மா!”

“குழிய வச்சு அளக்க எங்களுக்கு உத்தரவு இல்ல.”

அளந்தார். டாக்டரின் கொட்டகை எங்கேயோ தள்ளி, ஒரு குற்றமும் இல்லாமல் நிற்கிறதாம். நம் சமையலறைதான் கல்லை ஒட்டி நிற்கிறதாம். பதினைந்து நாளில் மூன்று அடி இடிக்க வேண்டும். அடுப்பு மேடை, பாத்திரத் தொட்டி, அலமாரி எல்லாம் போச்சு. கொல்லையும் கொடிக்கயிறும் டாக்டருக்கு. அந்த மனுஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “துணி காயட்டும் சார், அவசரமில்ல” என்கிறார்! கேட்காமலே, “பெரிய மீசை வச்ச ஆளு ஒருத்தரு கல்லத் தூக்கிட்டுப் போனத ஜன்னல் வழியா பாத்தேனே” என்று வேறு சொல்கிறார். அதைக் கேட்டதும் அக்கா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். பாவம், அதிர்ச்சி.

எல்லைக்கல்லை நகர்த்தினால் ஆறு மாதம் சிறையாம். நான் விடவில்லை. டாக்டர் ஏவிவிட்ட அந்த மீசைக்காரனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்று அங்கேயே இன்னொரு புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் கை விளங்காமல் போக! சனிக்கிழமை விசாரணை. நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் குடும்பத்தில் பார்த்தாலே பயப்படும்படி இருக்கிற ஆள் நீ ஒருத்தன்தான்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. எல்லோரும் இடிபடாத வீட்டில் நூறு வருஷம் இருங்கள்.

உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனேன், அக்கா பிடுங்கிப் படித்துவிட்டு ஓவென்று அழுகிறாள். “படி ஒசரமா இருக்கு, முட்டி வலிக்குதுன்னு நான்தான் தம்பிகிட்ட சொன்னேன். வேலியோரம் ஒரு கல்லு சும்மா நட்டு வச்சிருக்குன்னு அவன்தான் பிடுங்கிட்டு வந்து போட்டான்” என்கிறாள். சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புகாரைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லையாம். கல் எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை, ஆகவே நீ வெள்ளிக்கிழமையே வந்து அதைக் குழியில் நட்டுவிட்டுப் போ. வரும்போது மீசையை எடுத்துவிட்டு வா.