தோட்டமே லீவுக்குக் கை தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

ஆங்கிலம் தெரியாதவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தவர்களால் வந்ததுண்டு. அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் நான் அரைகுறை.

அலோர் ஸ்டார் கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்கு இறந்தகாலத்தை முடித்து எதிர்காலத்தைத் தொடங்குவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு என் ஆங்கிலத்துக்கு எதிர்காலமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் யுத்தம் முடிந்து, பெண்டாங்கிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருந்த எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு டீச்சராகப் போனபோது, "பிலோமினா டீச்சர் இங்கிலீஸ் படிச்சவங்க" என்ற பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மலாயாவில் அவசரகாலம் அறிவித்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை. இருட்டினால் லயத்து வரிசை வீட்டை விட்டுத் தலை காட்டக் கூடாது. நாலு பேர் சேர்ந்து நின்றால் மாத்தா (போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பார். "சும்மா" என்று சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் தோட்டம் இரண்டாகப் பிளந்தது. எதற்காக? இந்தியா குடியரசாகப் போகிறதாம். ஆன பிறகும் இங்கிலாந்து ராஜாவைத் தலையாக வைத்துக்கொண்டிருக்கும் காமன்வெல்த் என்ற நாடுகளின் கூட்டத்தில் இருப்பதா, விலகுவதா? இதை முடிவு செய்ய டில்லியில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் எட்டாங்கட்டைத் தோட்டம் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

இருக்க வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சதாசிவம். தோட்ட ஆபீசில் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. வெள்ளைக்காரன் உறவு விட்டுப்போனால் தபால்கூட ஒழுங்காகப் போய்ச் சேராது என்பது அவருடைய கட்சி. விலக வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் தங்கராஜ். "வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். அவன் பாயை எதுக்கு இன்னும் விரிச்சு வெச்சிருக்கணும்?" என்று கேட்பார். இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். பேசுவதை நிறுத்தத்தான் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் நிலைமை எங்கே போனது தெரியுமா? கிராணி கட்சிக்காரன் இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விளக்கெண்ணெய் கொடுக்கப்பட்டது. டிரஸர் கட்சிக்காரனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் அது ஆபீஸ் மேசையில் மூன்று நாள் தூங்கியது. ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. மாப்பிள்ளை வீடு இருக்கும் கட்சி, பெண் வீடு விலகும் கட்சி. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காமன்வெல்த் என்று சொல்லத் தெரியாமல், "கம்மல்வெல்லம்" என்று சொல்லிக்கொண்டே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

குழாயடிக்குப் போனால் கேள்வி. கடைக்குப் போனால் கேள்வி. "டீச்சர், நீங்க எந்தப் பக்கம்லா?"

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று. ஒரு நாள் கிராணியும் டிரஸரும் தனித்தனியாக (சேர்ந்து வருவார்களா?) என் வகுப்புக்கு வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் சொற்போர் நடத்தப்போகிறார்கள். இரண்டு பேரும் பேசுவார்கள். ஜனங்கள் கை தூக்குவார்கள். எந்தப் பக்கமும் சேராத நான்தான் நடுவர்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. அத்தோடு விட்டார்களா? கூட்டம் போட பெண்டாங் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தை கிராணி எழுதினால் டிரஸர் நம்பமாட்டார். டிரஸர் எழுதினால் கிராணி நம்பமாட்டார்.

"இங்கிலீஸ் படிச்ச டீச்சர் இருக்கும்போது என்னா கவலை?" என்றார்கள்.

எழுதினேன். சொற்போர் என்பதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. சொல்லை விட்டுவிட்டுப் போரை மட்டும் எழுதினேன். காமன்வெல்த் என்று எழுத எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. தப்பாக எழுதினால் அவமானம் என்று அதையும் விட்டேன். அதை விட்ட பிறகு இந்தியா மட்டும் அந்தரத்தில் தொங்கியதால் அதையும் எடுத்தேன். மீதி இருந்தது இவ்வளவுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, ஞாயிறு மாலை மூன்று மணிக்கு எங்கள் தோட்டத்தில் போர். விலகுவதா இருப்பதா என்று மக்கள் முடிவு செய்வார்கள். என் தீர்ப்பே இறுதியானது. தங்கள் ஆசீர்வாதத்தைக் கோரும், பிலோமினா."

சனிக்கிழமை காலை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். மாலை வரை பதில் இல்லை. "பதில் வரலைன்னா சம்மதம்னு அர்த்தம்" என்றார் கிராணி. அந்த ஒரு விஷயத்தில் டிரஸரும் அவரோடு ஒத்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களுக்கு ஓய்வு. அதில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலில் எல்லாம் தலை. நான் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், கையில் மணியோடு, கிட்டத்தட்ட இங்கிலாந்து நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கிராணி எழுந்தார். "அன்புத் தோ..." என்று தொடங்கி, இருமி, "அன்பர்களே" என்று மாற்றிக்கொண்டார். (தோழர் என்ற வார்த்தையைச் சொன்னாலே அந்த வருடம் ஐசி என்ற அடையாள அட்டையைக் கேட்பார்கள்.) அவருக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷில் வராவிட்டால் தொண்டை அடைக்கும்; விலகுவது அவர் வாயில் லீவ் ஆயிற்று.

"லீவ் லீவ்ங்கிறாங்க. எதுக்கு லீவ்? லீவால யாருக்கு லாபம்? நம்ம அப்பன் தாத்தன் எல்லாம் லீவ் கேட்டாங்களா?"

கூட்டம் முணுமுணுத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நீ நாற்காலில உக்காந்திருக்க. உனக்கு எதுக்குலா லீவு?"

நான் மணியை அடித்தேன். அடுத்து டிரஸர் எழுந்தார். எதிரியின் வார்த்தையையே பிடித்துக்கொண்டார். "லீவ் யாரும் போடுற பிச்சை இல்ல! லீவ் நம்ம பிறப்புரிமை!"

தகரக் கூரை பறந்துபோகும் போலக் கைதட்டல். விசில். ஒரு கிழவர் அழுதார். ரப்பர் மரத்தடியில் இத்தனை அரசியல் ஞானமா என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. (இதை எழுதும்போது என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.)

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "லீவ் வேணும்கிறவங்க கை தூக்குங்க!"

எல்லாக் கையும் உயர்ந்தது. டிரஸர் கட்சி, கிராணி கட்சி என்ற பேதம் இல்லை. கிராணியின் மனைவி இரண்டு கையையும் தூக்கியிருந்தார். கிராணி அவரைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நான் தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த அஞ்சலை எழுந்தாள். மரம் வெட்டுகிறவர்களில் அவள்தான் யாருக்கும் பயப்படாதவள்.

"டீச்சர், லீவு எத்தன நாளு? தீவாளிக்குக் குடுக்குறது இதுல சேருமா, தனியா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "அஞ்சலை, அந்த லீவு இல்ல, இது வேற..." என்று தொடங்கினேன். என் குரலை யார் கேட்டார்கள்? "லீவு! லீவு!" என்று பள்ளிக்கூடமே ஆடியது.

வாசலில் துரை நின்றிருந்தார், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு. அவருக்குத் தெரிந்த தமிழ் இருபது வார்த்தை தேறாது. ஆனால் இது அவருடைய சொந்த வார்த்தை. தோட்டத்து ஆட்கள் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகப்போவதாகக் கத்துகிறார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. வேலைநிறுத்தம் என்றாலே காட்டுக்காரர்களோடு சம்பந்தம் என்று முடிவு கட்டிய காலம். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள், பெண்டாங்கிலிருந்து லாரி நிறைய போலீஸ் வந்து இறங்கியது. என் போரை நிறுத்த வந்தவர்கள்.

கிராணி, டிரஸர், நான் மூவரும் லாரியில் ஏற்றப்பட்டோம்.

ஸ்டேஷனில் மலாய் இன்ஸ்பெக்டர் என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, போர் என்ற இடத்தில் விரலை வைத்தார். "யாருக்கும் யாருக்கும்?"

எங்களுக்கு இருந்த கடைத்தெரு மலாயில் மூவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அவருக்குத் தலை சுற்றியது. பேச்சுக்காக எழுதிவைத்திருந்த காகிதங்களைப் பிடுங்கினார். அவை தமிழில் இருந்தன. படித்துச் சொல்ல எதிர்க் கடை காதர் அண்ணனை அழைத்துவந்தார்கள். அவர் ரொட்டி போட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கிராணியின் காகிதத்தைப் படித்துத் தலையாட்டினார். டிரஸருடையதைப் படித்ததும் முகம் மாறியது.

"என்னா தம்பி இது? விலகிட்டா நம்ம சரக்குக் கப்பலுக்கு எவன் பதில் சொல்வான்?"

"அண்ணே, நீங்க மொழிபெயர்க்க வந்தீங்களா, கட்சி கட்ட வந்தீங்களா?"

"நியாயத்தைச் சொல்றேன்லா!"

"அப்படிச் சொல்லுங்க பாய்!" என்று கிராணி குதித்தார். தலைக்கு மேல் ஆபத்து தொங்கும்போது, ஸ்டேஷனுக்குள், இன்ஸ்பெக்டர் முன்னால், சொற்போர் மறுபடி தொடங்கிவிட்டது. எனக்கு மூன்று பேரையும் நானே லாக்கப்பில் தள்ளிப் பூட்டலாமா என்றிருந்தது.

"சுக்குப்!" என்று இன்ஸ்பெக்டர் மேசையில் அடித்தார். போதும் என்று அர்த்தம். பிறகு குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னார்: "இந்தியாவுக்காக இவ்வளவு கவலையா? நல்லது. புதுச் சட்டம் இருக்கிறது. உங்களை அங்கேயே அனுப்பிவிடுகிறேன். நேரில் போய் முடிவு செய்யுங்கள்."

அது வெறும் மிரட்டல் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் இன்னும் லயத்தில்தான் இருந்தார்கள். கிராணிக்கு மூன்று பெண் குழந்தைகள்.

டிரஸர் மெதுவாக எழுந்தார். "துவான், நான் பொறந்ததே சுங்கை பட்டாணியில. இந்தியாவ நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

"எனக்கும் அங்க யாரும் இல்ல துவான்" என்றார் கிராணி. இரண்டு மாதமாக முகம் பார்க்காதவர்கள் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து, ஒரே மூச்சில், என் பக்கம் விரலை நீட்டினார்கள். "எல்லாம் இந்த டீச்சர் எழுதின லெட்டரால வந்தது!"

தோட்டம் இரண்டு மாதமாகக் காணாத ஒற்றுமை அது.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "காமன்வெல்த்துன்னு எழுதத் தெரியல துவான். அதனாலதான் விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைத் தள்ளி, "எழுது" என்றார். எழுதினேன். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சார்ஜெண்டைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அது வேறு மாதிரி இருந்தது. தானே ஒன்று எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். சுவர் ஓரம் நின்ற கான்ஸ்டபிள் ஒருவர் தயங்கித் தயங்கி இன்னொரு எழுத்தைச் சேர்க்கலாம் என்றார். அந்த நேரத்தில் உள்ளே வந்த துரை காகிதத்தை வாங்கி, ஐந்து காமன்வெல்த்துகளையும் பார்த்து, ஆறாவதாகச் சரியான ஒன்றை எழுதினார். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை அந்த ஸ்டேஷன்காரர்களில் ஒருவருக்கும் எழுதத் தெரியாததால் நாங்கள் பிழைத்தோம்.

இருட்டுவதற்குள் துரையின் வண்டியிலேயே திரும்பினோம். வழியெல்லாம் கிராணியும் டிரஸரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து வாசல் தெரிந்ததும் கிராணி கையை விட்டார்.

"என்னதான் சொல்லு, கடைசில ஒரு வெள்ளைக்காரன்தான வந்து மீட்டான்?"

"அவன் ராஜ்ஜியத்துல புடிச்சாங்க, அவன் வந்து மீட்டான். இதுல என்னா பெருமை?"

நான் வண்டி நிற்பதற்குள் குதித்து வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது, அஞ்சலையும் இருபது பெண்களும் கத்தியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். "டீச்சர் தீர்ப்புச் சொல்லிட்டாங்க, லீவு" என்று சாதித்தாளாம். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முடிவில், "அப்ப எங்கள எதுக்கு டீச்சர் கை தூக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். சில வாரத்தில் இந்தியா, எங்கள் தோட்டத்தை ஒரு வார்த்தை கேட்காமல், காமன்வெல்த்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டது.

எனக்கு மட்டும் லீவு டீச்சர் என்ற பேர் நின்றுவிட்டது. கல்யாணமாகி அலோர் ஸ்டாருக்கு வந்தேன். பேரும் கூடவே வந்தது. மகள் கல்யாணப் பத்திரிகையில் பிலோமினா என்று போட்டதைப் பார்த்துத் தோட்டத்திலிருந்து பாதிப் பேர் வரவில்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியவில்லையாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, கோலாலம்பூரிலிருந்து மகன் போன் செய்தான். இங்கிலாந்து ஐரோப்பா நாடுகளின் கூட்டத்தைவிட்டு விலகுவதா இருப்பதா என்று அந்த ஊர் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டிருந்தார்கள். செய்தி சொல்லத் தொடங்கியவனுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது.

"அம்மா, அங்கயும் லீவுதான் ஜெயிச்சிருக்கு" என்றான். "யாரும்மா அங்க டீச்சர்?"