ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு வெற்றிகள்

'டிங்!'

மனித குலம் இதுவரை எழுப்பிய ஒலிகளிலேயே உன்னதமானது இதுதான். கிடங்கின் ஒயர்லெஸ் சிக்னல் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு 'டிங்': பிரச்சினை. மறுபடி நாற்பதைத் தாண்டினால் இன்னொரு 'டிங்': பிரச்சினை 'தீர்க்கப்பட்டது'. சிக்னலோ முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. ஆகவே கண்காணிப்பு அறை நாற்காலியை விட்டு எழாமலே தினமும் நானூற்றுப் பன்னிரண்டு பிரச்சினைகளைத் தீர்த்துவந்தது. அதிகப் பிரச்சினைகளைத் தீர்த்ததற்காக மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து கேடயம்!

இந்தப் பெருமையில் திளைக்க டெக்னீஷியன் அம்மாளுக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் மகளுக்குப் பள்ளியில் முதல் நாள்.

"ஒரே ஒரு நாள் லீவு சார்..."

"ஒரு நாள் அலாரம் பத்துக்குக் கீழே வரட்டும். தாராளமா போம்மா!" என்றார் மேலாளர். தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தும் கொண்டார்.

போதாக்குறைக்குக் கிடங்கிலிருந்து ஸ்கேனர்காரர் வந்து கத்தினார். "அக்கா, சிக்னல் விட்டு விட்டு வருது, ஒரு பெட்டிக்கு ஒம்பது தடவை ஸ்கேன் பண்றேன். உங்க ரூம்ல தீர்ந்துபோனதெல்லாம் எனக்கு மட்டும் ஏன் தீரமாட்டேங்குது?"

அன்று மாலை அவள் ஒரு சின்ன வேலை செய்தாள்: அலாரத்தின் விதியை மாற்றினாள். இனி நாற்பதுக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். ஐம்பதைத் தாண்டினால்தான் 'தீர்ந்தது'.

மறுநாள் காலை ஒரு 'டிங்'. அவ்வளவுதான். மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அறையிலிருந்தவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மேலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"என்னம்மா, மெஷின் செத்துப்போச்சா?"

"இல்ல சார், ஹிஸ்டெரிசிஸ். மாடித் தொட்டி மோட்டார் மாதிரி. ஒவ்வொரு சொம்புத் தண்ணிக்கும் போட்டுப் போட்டு அணைச்சா மோட்டார் தாங்குமா? நல்லா குறைஞ்சா போடணும், நல்லா நிறைஞ்சாதான் அணைக்கணும். இப்ப ஒரே அலாரம்தான். ஆனா அது இன்னும் தீரலை. காரணத்தையும் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன காரணம்?"

"உங்க ரூம் இரும்பு பீரோ. ஒயர்லெஸ் பெட்டியை மறைச்சுக்கிட்டு நிக்குது. நாலடி தள்ளி வச்சா போதும்."

மேலாளர் அவளைத் தம் அறைக்கு அழைத்துப்போனார். பீரோவின் மேல் மூன்று கேடயங்களும் பளபளத்தன. பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்தவர், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அலாரத்தைப் பழையபடி மாத்திட்டு, லீவு ஒரு வாரமே எடுத்துக்கம்மா. பீரோவை மட்டும் தொட்டுடாதே! இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்னு நகர்த்தி நகர்த்தி, சிக்னலைச் சரியா நாப்பதுல நிக்கவைக்க எனக்கு முழுசா ஒரு மாசம் ஆச்சு!"