அணில் நித்திரையும் மாமாவின் வெள்ளைச் சட்டையும்

தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மனிதனுக்கு மூளை நின்றுவிடும். வாய் மட்டும் ஓடும். எனக்கு அது நடந்தது, என்னை மாப்பிள்ளை கேட்டு வந்த அன்று.

சாய்ந்தமருதிலுள்ள எங்கள் வீட்டுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து பெண்ணின் வாப்பாவும், அவளுக்கு மூத்தவரான நானாவும் வந்திருந்தார்கள். அவளது வாப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ‘எண்ணெய் யாவாரம்’ என்று உம்மா சொல்லியிருந்தார். (வாகனங்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.)

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அணில் கதைய எடுத்துடாத” என்றும் உம்மா சொல்லியிருந்தார்.

அணில் கதை என்பது என் பைத்தியம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தபோது, குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் நித்திரை கொள்ளும் தரை அணில்களைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். இப்போது டியூஷன் வாத்தியார், பைத்தியம் தெளியவில்லை. (அந்த அணிலை ஒருநாளும் நேரில் கண்டதில்லை.)

“என்ன மகன் படிச்சீங்க?” என்று பெண்ணின் வாப்பா கேட்டார். அவ்வளவுதான்.

“அந்த அணில் நித்திரைக்கு முந்தி என்ன கொழுப்பைத் தின்னுதோ, அதுலதான் விஷயம் இரிக்கி மாமா. விதைகள்ல உள்ள கொழுப்பு குளிர்லயும் இளகி இரிக்கும். அதத் திண்டா உடம்பு நல்லாக் குளிர்ந்து, நெஞ்சு மெதுவா அடிச்சு, சேத்து வச்ச கொழுப்பச் சிக்கனமா எரிச்சு நெடுகப் படுக்கும். இறுகுற கொழுப்பக் குடுத்தா அந்தளவு குளிராது. அடிக்கடி எழும்பும், சேமிப்பெல்லாம் கெதியா எரிஞ்சிரும்.”

“இறுகுற கொழுப்பெண்டா?”

“நம்மட தேங்காயெண்ணெய்தான்.”

நானா இருமினார். நான் குசினிக்கு ஓடினேன். பின்னேர வகுப்புக்காக ஃபிரிட்ஜில் இரண்டு கிளாஸ் வைத்திருந்தேன். சூரியகாந்தி எண்ணெய் தண்ணீராக ஆடியது; தேங்காயெண்ணெய் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. கல் கிளாஸைக் கொண்டுவந்து அவர் நெஞ்சுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தேன்.

“பாருங்க மாமா, ஒரு சொட்டு விழாது.”

விழவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கவிழ்த்தபடியே உடலின் உயிர்க்கலங்களைச் சுற்றிய சவ்வில் கொழுப்பு என்ன செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். சாய்ந்தமருது வெயிலும் என் கைச்சூடும் சேர்ந்து கிளாஸின் ஓரத்தை இளக்கின. கட்டி முழுதாக நழுவி, ‘சளக்’ என்று வெள்ளைச் சட்டையில் விழுந்து, அங்கேயே உருகத் தொடங்கியது.

திரைக்குப் பின்னால் உம்மா “யா அல்லாஹ்” என்றார்.

மாமா ஒரு துண்டை விரலால் எடுத்து மோந்து பார்த்தார். “இது நம்மட மில் எண்ணெய்.”

“பெற்றோல் செட் இல்லையா?” என்று கேட்டேன். (வாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.) பிறகு சமாளித்தேன்: “அணிலுக்குத்தான் மாமா அது சரிவராது. மனிசர் சாப்பிடலாம்.”

“என்ட யாவாரம் மனிசரோடதான் மகன்” என்று எழும்பினார்.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று உம்மா என்னுடன் கதைப்பதையே விட்டுவிட்டார். மறுநாள் நானாவிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி ஒண்டு கேக்கச் சொன்னா. இடையில எழும்புற அணில் திரும்ப நித்திரைக்குப் போகுமா?”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தக் கேள்வியை இதற்கு முன் என்னிடம் யாரும் கேட்டதில்லை. “ஓம், போகும்” என்று தொடங்கி, போன் சூடேறும்வரை விளக்கினேன். நடுவில் ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

“வாப்பா என்ன சொல்றார்?” என்று பயந்து பயந்து கேட்டேன்.

“பொய் சொல்லத் தெரியாத பொடியனாம். ஆனா கையில கிளாஸ் மட்டும் குடுக்க வேணாமாம்.”

இப்போது, அந்தக் கேள்வியைக் கேட்ட ரிஸ்னாவைக் கட்டி, எங்கள் வழக்கப்படி அவள் வீட்டிலேயே குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்த நேரத்தில் யாராவது தேடி வந்தால், கொளுத்தும் வெயிலைப் பார்த்தபடி மாமி அடக்கமாகச் சொல்லி அனுப்புவார்: “மறுகா வாங்க மகன். மருமகனுக்கு இப்ப குளிர்காலம்.”