நாய்ஸ் கேட்கும் மாப்பிள்ளை

அச்சரப்பாக்கம்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாமா லட்சுமணன் அவர்களுக்கு,

மைத்துனன் வெங்கடேசன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் வந்தவாசியில் சுகமாக இருக்க எல்லா தெய்வமும் துணை நிற்கட்டும். இங்கே நானும் பூங்கொடியும் ரேணுகாவும் உடம்பால் சுகம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. கேட்காத பாதியை அக்கா பக்கத்திலிருந்து தன் இஷ்டத்துக்குச் சேர்த்துச் சொல்கிறாள். போன மாதம் "மோட்டார் காயில் எரியுது" என்று நான் சொன்னதற்கு, காலில் எரிச்சல் என்று நினைத்து நீங்கள் தைலம் கொடுத்தனுப்பினீர்கள். இது பொண்ணு ரேணுகா வாழ்க்கை. தைலத்தில் முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன்.

விஷயம், நீங்கள் கொண்டுவந்த வரன். கேளம்பாக்கத்துப் பையன் பரணிதரன். ஜாதகம் எட்டுப் பொருத்தம், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை, பீடி சிகரெட் கிடையாது. எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ரேணுகாவைக் கேட்டால், "உன் இஷ்டம்பா" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைப் பேப்பரைத் திருத்தப் போய்விடுகிறாள். என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியவில்லை மாமா. அதுதான் இப்போது என் கஷ்டம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்களும் கூடத்தில்தான் இருந்தீர்கள், ஆனால் பஜ்ஜியில் கவனமாக இருந்தீர்கள். நான் சும்மா இருக்காமல், "பாட்டுகீட்டு கேக்கறது உண்டா தம்பி?" என்று பையனைக் கேட்டேன். "பாட்டு அவ்ளோவா இல்ல மாமா. நாய்ஸ் கேப்பேன். அதுன்னா எனக்கு உசுரு" என்றான். நாய் என்றால் உயிரை விடுகிற பிள்ளை, வாயில்லா ஜீவன்மேல் இத்தனை பாசம் வைத்திருக்கிறானே, நம் பொண்ணைக் கண் கலங்க விடமாட்டான் என்று எனக்கு அன்றைக்கே மனசு குளிர்ந்துபோயிற்று. ஒரு நாய் என்று சொல்லாமல் ஏன் நாய்ஸ் என்கிறான் என்று யோசித்தேன். நிறைய வளர்க்கிறான் போலிருக்கிறது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

மறுநாளே வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். "டைம் கெடைக்கும்போது பாருங்க மாமா, இது வேற லெவல் நாய்ஸ்" என்று எழுதியிருந்தான். மோட்டார் ரிப்பேர் கடையில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு தாடிக்காரர் ஒரு பெரிய தகரத்தைத் தரையில் போட்டு இரும்புக் கம்பியால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் காலடியில் ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கிறது. நான் நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது குரைக்கும், இப்போது பாயும் என்று இருபத்து மூன்று நிமிஷம் பார்த்தேன். அது ஒரு காதைக்கூட ஆட்டவில்லை. அந்தத் தகரச் சத்தத்தில் செத்த பிணமே எழுந்து உட்காரும், இதை எவ்வளவு அடக்கமாகப் பழக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! "நாய் அருமை தம்பி, இது மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்று பதில் போட்டேன். பையன் உடனே போன் பண்ணிவிட்டான். "மாமா, முழுசா பாத்தீங்களா? எங்க வூட்ல யாருமே ரெண்டு நிமிஷம் தாண்டினது கெடயாது மாமா. உங்களுக்கு இவ்ளோ டேஸ்ட் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றான். நானும் பெருமையாக, "சின்ன வயசுல நம்ம வூட்லயும் ரெண்டு இருந்திச்சிப்பா" என்றேன். அவன் அதை என்னவென்று எடுத்துக்கொண்டானோ, தெரியாது.

அப்புறம் தினமும் வீடியோதான். ஒன்றில் ஏழு பெண்கள் வரிசையாக நின்று புதுக் காடாத் துணியை மைக்குக்கு முன்னால் வைத்துக் கிழிக்கிறார்கள், அரை மணி நேரம். "கிழிக்கிறதுக்கு முந்தி குடுத்திருந்தா பத்து தலகாணி உறை தச்சிருப்பேனே" என்று பூங்கொடி வயிறெரிந்தாள். இன்னொன்றில் ஒருவர் காலித் தண்ணீர் டேங்குக்குள் இறங்கி இருமுகிறார், வெளியே ஐந்நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். எதிலும் நாய் இல்லை. கடைசியில் வரும், கடைசியில் வரும் என்று எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தேன். அந்த இருமல் வீடியோவை மட்டும் ஆறு தடவை பார்த்தேன். பிடித்துப்போய் இல்லை மாமா, நாயை எங்காவது தவற விட்டிருப்பேனோ என்ற சந்தேகத்தில்தான். லிங்க் எல்லாம் உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், ஆதாரத்துக்காக. இருமலைப் பதினேழாவது நிமிஷத்திலிருந்து கேளுங்கள், அங்கேதான் எதிரொலி திரும்பி வந்து அவருடைய அடுத்த இருமலோடு சேரும். இடது காதுப் பக்கம் வைத்துக் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, "லைவ் நாய்ஸ் ஷோ இருக்குது மாமா, அத்தையைக் கூட்டிக்கினு கண்டிப்பா வரணும், எங்க அம்மாவும் வருவாங்க" என்று கூப்பிட்டான். சரி, நாய்க் கண்காட்சி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று நம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நாய்க்குப் போடுகிற பொறை ரொட்டி இரண்டு பெரிய பாக்கெட் வாங்கிக்கொண்டேன். இடம் திருவிடந்தை தாண்டிக் கடல் பக்கம், ஒரு காலத்தில் இறால் குஞ்சு பொரித்த கொட்டகை. உள்ளே போனால் நாயும் இல்லை, நரியும் இல்லை. நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பையனுடைய அம்மா தெய்வநாயகியம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி பயபக்தியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் பொறையை நீட்டினேன். "நாய்ங்களுக்கு வாங்கியாந்தேம்மா" என்றேன். பஞ்சில் அது காதில் விழவில்லை. பெண் வீட்டுச் சீர் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டீயோடு எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டார். அவரும் நாலு சாப்பிட்டார். எனக்கும் இரண்டு வந்தது, நானும் சாப்பிட்டேன்.

அங்கேதான் பையனிடம் மெல்ல, "நாய்ங்க எப்ப வரும் தம்பி?" என்று கேட்டேன். அவன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினான். நாய்ஸ் என்றால் இங்கிலீஷில் சத்தமாம் மாமா! இரைச்சலாம்! அதைத்தான் இவர்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்களாம்! எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று பூங்கொடியைப் பார்த்தேன். அதற்குள் ஷோ ஆரம்பித்துவிட்டது.

ஹேமந்த் என்று ஒரு ஆள், குடுமி போட்டவன், மேடையில் நாலு பழைய மோட்டாரை வைத்திருக்கிறான். நம் கடைக்கு வருகிற அதே கிணற்று மோட்டார்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக். வரிசையாக சுவிட்சைப் போட்டான். ஜனம் கண்ணை மூடிற்று. என்னால் மூட முடியவில்லை. நாலாவது மோட்டாரில் விசிறி மூடி ஆட்டம் கண்டு, விசிறி தகரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது. க்ர்ர் க்ர்ர் என்று அது உரச உரச எனக்குப் பல் கூசுகிறது. முப்பத்திரண்டு வருஷமாக இந்தச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிப்போய் நிறுத்தித்தான் எனக்குப் பழக்கம். "கம்முனு குந்துய்யா, சம்பந்தி பாக்கறாங்க" என்று பூங்கொடி சட்டையைப் பிடித்தாள். பத்து நிமிஷம் பொறுத்தேன். அதற்குமேல் தாங்கவில்லை. சட்டைப் பையில் திருப்புளி எப்போதும் இருக்கும், உங்களுக்குத் தெரியும். மேடையில் ஏறி, முனையை மோட்டார்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன். பேரிங் சுத்தம், மூடிதான் கோளாறு. "ஸ்க்ரூ லூசுப்பா!" என்று நான் கத்தியது மைக்கில் விழுந்து கொட்டகை முழுக்க நாலு தடவை சுற்றி வந்தது. மூன்று ஸ்க்ரூவையும் இறுக்கினேன். உரசல் நின்று, மோட்டார் வழவழவென்று ஓடிற்று. கைதட்டல் காதைப் பிளக்கிறது!

ஆனால் அந்த ஹேமந்த் முகம் செத்துப்போச்சு மாமா. என் காதோரம் குனிந்து, "அண்ணாத்த, இன்னா பண்ணிட்ட? ஆறு மாசமா அலைஞ்சி புடிச்ச சத்தம் அது. திரும்பவும் லூசாக்கிக் குடுண்ணா" என்று கெஞ்சுகிறான். நல்லா ஓடுகிற மோட்டாரை என் கையாலேயே கெடுக்கணுமாம். இந்த மாதிரி பாவம் நான் பண்ணியதில்லை. ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று கழற்றினேன். லேசாக ஒரு உறுமல் வந்தது. இன்னொரு கால் சுற்று, அது விசில் ஆயிற்று. அட, இது நம்ம சடையப்பன் கொல்லையில் ஓடின மோட்டார் சத்தமாச்சே என்று தோன்றியது. கொஞ்சம் இறுக்கினால் வேறு ஒன்று, ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொன்று. முப்பத்திரண்டு வருஷமா நான் நிறுத்தி வெச்ச சத்தம் எல்லாம் ஒண்ணொண்ணா வருது மாமா! நாற்பது பேர் மூச்சு விடாம கேக்கறாங்க! என் வேலையை இதுவரைக்கும் யாரும் காது குடுத்துக் கேட்டதில்ல. ஓடிச்சின்னா காசு குடுத்துட்டுப் போவாங்க, ஓடலைன்னா திட்டுவாங்க, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன். கீழே இறங்கினால் பரணிதரன் ஓடிவந்து காலில் விழுகிறான். "மாமா, நீங்க ஆர்டிஸ்ட் மாமா" என்கிறான். தெய்வநாயகியம்மா ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "முடிஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே வீடியோ போட்டுவிட்டார்கள். நம் ஊரில் தலை காட்ட முடியவில்லை. "இன்னா அண்ணாத்த, கச்சேரிலாம் பண்றியாமே?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ரிப்பேருக்கு மோட்டார் கொண்டுவந்த ஒருவர், "எனக்கு ராகம்லாம் வேணாம்ப்பா, தண்ணி வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதற்கெல்லாம் யார் காரணம்? அந்தப் பையன்தானே!

இப்போது கல்யாண வரவேற்புக்கு மெல்லிசை வேண்டாம், ஹேமந்தைக் கூப்பிடலாம் என்கிறான். எண்ணூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மேடையில் மோட்டார் ஓடினால் நம் ஜனம் என்ன பேசும்? நாளைக்கே வேலையை விட்டுவிட்டுத் தகரம் தேய்க்கக் கிளம்பினால் ரேணுகா கதி என்ன? நல்ல பிள்ளைதான், தங்கமான குணம்தான், அவன் பேசினால் நேரம் போவது தெரிவதில்லைதான். ஆனால் இரைச்சலை ஆசைப்பட்டுக் கேட்கிறவனுக்கு ஒரு தகப்பன் எதை நம்பிப் பொண்ணைக் கொடுப்பான்? நேற்றுப் பூராவும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். வரன் கொண்டுவந்தவர் நீங்கள். ஆகையால் நீங்களே சனிக்கிழமை இங்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் போய், பையன் மனசு நோகாமல் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும். மனசு நோகாமல் என்பதை இரண்டு தடவை எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் அன்பான விசாரிப்பு. பேரப் பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் இருவர் வாழ்த்தும் எங்கள் வாசலில் நிழலாக நிற்க வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
வெங்கடேசன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ரேணுகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். உங்கள் ஊர் பின்கோடு கேட்டேன். எழுதித் தருகிற சாக்கில் கடிதம் பூராவும் படித்துவிட்டாள். "அப்பாடா! நீ அவர்கூட அவ்ளோ சந்தோஷமா பேசறியேன்னுதாம்பா நான் வாயே தெறக்கல. நல்லவருதான். ஆனா எனக்கு அந்தச் சத்தம்லாம் ஒத்துக்காதுப்பா, ஒரு நாள்கூட தாங்கமாட்டேன். வேணாம்னே சொல்லிடு" என்றாள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை மாமா. பொண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் முடிந்தது, அதில் மறுபேச்சு இல்லை. நீங்கள் போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அடுத்த மாதம் முட்டுக்காட்டில் ஒரு ஷோ வைத்திருக்கிறார்கள். நாலாவது மோட்டாருக்கு என் பேரைப் போட்டு நோட்டீசும் அடித்துவிட்டார்கள். நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். சம்பந்தம் கலைந்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது நம் பக்கத்து வழக்கம், தெரியும். நாலு ஊர் பஞ்சாயத்து பார்த்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். பொண்ணு குடுக்காமலே அந்தப் பிள்ளை என்னை மாமான்னு கூப்பிடறதுக்கு நம்மகிட்ட ஏதாவது முறை இருக்குதா?