மூலத்தைத் தொடாதே

உலகில் இதுவரை தோன்றிய ஆட்சிமுறைகளில் ஆகச் சிறந்தது செடியின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் ஆட்சிதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத் தாவர ஆய்வுக்கூடம் ஒன்று இதை ஐயமறக் கண்டுபிடித்திருந்தது. செல்லுக்குச் சக்தி ஆக்கிப்போடும் அந்தச் சமையலறையின் மூலப்பிரதியான டி.என்.ஏ.வில் ஏகப்பட்ட எழுத்துப்பிழை. செடி மூலத்தைத் தொடுவதில்லை. அதிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ. நகலை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்கிறது. பிழைக்கொரு புரதம் தன் இடம் பார்த்து நகலில் ஒட்டிக்கொண்டு, தப்பான எழுத்தை மாற்ற வைக்கும்.

இயக்குநர் டெரெக் இந்த ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர். அதையே நிர்வாகத்திலும் புகுத்திய தீர்க்கதரிசி.

செடி வளர்க்கும் அறையில் குளிர்சாதனத்தைப் பொருத்தியவர், குமிழை 22 டிகிரியில் வைக்காமல் 32-ல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாதாரண ஊராக இருந்தால் யாராவது திருகியிருப்பார்கள். இங்கே டேரில் என்பவர் 'வெப்பத் திருத்த அலுவலர்' ஆனார். பியர் வைக்கும் பெட்டியில் ஐஸ் நிரப்பி அறைக்குள் வைப்பது அவர் கடமை. ஐஸ் உருகித் தரை நனைந்ததால் 'ஈரத் திருத்த அலுவலர்' வந்தார். அவர் துடைக்கும்போது கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வந்தார்.

அந்த அறையில்தான் இளம் ஆய்வாளர் இமோஜெனின் நாற்றுகள் இருந்தன. திருத்தும் புரதங்களில் ஒன்று இல்லாமல் பிறந்த நோஞ்சான்கள். அவை விதை விட்டால் அவளுக்கு வேலை நிலைக்கும். வாடினால் அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவை வாடிக்கொண்டிருந்தன.

"டேரில், குமிழைத் திருப்பினா முடிஞ்சுது. எதுக்கு இந்த ஐஸ் கூத்து?"

"ஐயோ தாயே, அது மூலம்! நமக்கு நகல்தான். என் பொழப்புல மண்ணைப் போட்றாத."

அவர் தேநீர் இடைவேளைக்குப் போனதும் இமோஜென் உள்ளே புகுந்து குமிழைத் திருகினாள். அந்த வாரமே நாற்றுகள் தலைதூக்கின. ஒன்று மொட்டுகூட விட்டது. இமோஜெனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. லாமிங்டன் கேக் வந்தும் யாரும் தொடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"யாரைக் கேட்டும்மா தப்பைத் திருத்தினே?" என்றார் டெரெக், உடைந்த குரலில்.

"செடி பொழைச்சிருச்சே, டெரெக்!"

"செடி பொழைக்கும். இந்த மூணு பேர் எப்படிப் பொழைப்பாங்க? ஐஸ் அப்படியே கெடக்கு. தரை காஞ்சு போச்சு. பாவம், கதவு புடிக்கிறவர் கைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம நிக்கிறாரு."

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குமிழ் மறுபடி 32-க்குப் போகும். இனி யாரும் அதைத் தொடாதபடி காக்க 'மூலப் பாதுகாப்பு அலுவலர்' வருவார். அவருக்கு இடம் வேண்டுமே என்று இமோஜெனின் வேலையை எடுத்துவிட்டார்கள்.

"மனசுல வெச்சுக்காதே. செடிகிட்ட கத்துக்கிட்டதைத்தானே செய்யறோம்?" என்றார் டெரெக்.

"ஒரே ஒரு வித்தியாசம்தான் டெரெக். செடிக்குள்ள இருக்கறது நெசமாவே திருத்துது."

அவள் கடைசியாக அறையை எட்டிப் பார்த்தாள். மொட்டோடு செடியும் கருகியிருந்தது. செடிக்குள் திருத்துபவர் ஒருவர் குறைந்திருந்தார். அந்தக் குறையோடும் அது இத்தனை நாள் உயிரோடுதான் இருந்தது. வெளியே நான்கு பேரும் ஒருவர் குறையாமல் பணியில் இருந்தார்கள். அதில்தான் செத்தது.