கண்ணுக்கும் கைக்கும் நேரம் பொருந்திய கதை

என் பேத்திக்கு ஆராய்ச்சி சொல்லித் தரும் பேராசிரியர் ஐயா அவர்களுக்கு, அவள் அம்மாவைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கணும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் கப்பலில் இன்ஜினியர். அடுத்தவள் பல் டாக்டர், என் கடைவாய்ப் பல் ரெண்டையும் அவளே பிடுங்கினாள், வலிக்கவே இல்லை. சின்னவன் நீச்சலில் மூன்றாம் பரிசு. குதிச்சதே நாலு பேர்தான், ஆனாலும் பரிசு பரிசுதானே. நாலாவது உங்களிடம் இருப்பவள். அவளுக்குப் பட்டம் வராமலே போயிருக்கும் ஐயா, நீங்கள் ஒரு வாரம் அவகாசம் தந்திருக்காவிட்டால். அந்த நன்றிக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த வாரம் நீங்கள் வெளியூரில். நடந்ததை அவள் பாதிதான் சொல்லியிருப்பாள். திரையில் பச்சைப் புள்ளி வரும், பார்த்ததும் கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளணும். கண் எங்கே பார்க்குதுன்னு ஒரு மிஷின் குறிக்கும், கை எப்போ தள்ளுச்சுன்னு இன்னொரு மிஷின் குறிக்கும். மூணு மாசமா முப்பத்திரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு நேரம் காட்டுது! ஆளாளுக்குக் கண் பார்க்கும் முன்னாலேயே கை தள்ளியிருக்கு. "இது ஆராய்ச்சியாடி, ஜோசியமா?"ன்னு போன்ல கேட்டேன். "சும்மா இரு பாட்டி, எல்லாத்தையும் தூக்கிப் போடணும் போலிருக்கு"ன்னு அழுதா. வந்தவங்க பாதிப் பேர் ஊரை விட்டே போயாச்சு, திரும்ப யாரைக் கூப்பிடறது? மூணு நாள் சரியாச் சாப்பிடலை. நாலாம் நாள் ஒதுக்கி வெச்ச பதிவு ஒண்ணை எடுத்துப் பார்த்தா. அது என்னோடது. ஆராய்ச்சி ஆரம்பிச்ச அன்னிக்கு அவளைப் பார்க்க அங்கே வந்திருந்தேன், முதல் ஆளா உட்கார்ந்ததே நான்தான். எதைத் தள்ளினாலும் அழுத்தினாலும் எனக்குக் கண்ணு தானா இறுக்க மூடிக்கும், குக்கர் மூடி போட்டாலும் அப்படித்தான். "கண்ணைத் திற பாட்டி!"ன்னு அன்னிக்கு அவ கத்துவா, "திறந்துதான்டி இருக்கேன்"னு நான் கத்துவேன். உருப்படாதுன்னு ஓரமாப் போட்ட பதிவு அது. எண்பது தடவை தள்ளியிருக்கேன், எண்பது தடவை கண்ணு மூடியிருக்கு. கண் மிஷின் போட்ட கோட்டை ரெண்டு விநாடிக்குக் கொஞ்சம் கம்மியா நகர்த்தினாளாம், எண்பதும் சட்டைப் பொத்தான் மாதிரி அததன் காஜாவில மாட்டிக்கிச்சு. அதே அளவு மத்தவங்க பதிவையும் நகர்த்தினா, அத்தனை பேருக்கும் கண் முன்னால, கை பின்னால! போன்ல அவ போட்ட கூச்சல்ல கீழ்வீட்டுக்காரி மேலே ஓடி வந்துட்டா.

தூக்கிப் போடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ போட்டிருப்பா. நீங்க சொல்லலை. உங்க பிள்ளைகள் எல்லாம் பெரிய ஆளா வரணும், உங்களுக்கு முழங்கால் வலியே வரக்கூடாது.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பு வரை படித்த பாட்டி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன், மனசு கேக்கலை. கவனமில்லாதவள்னு அவளைத் திட்டினீங்களாம். அவ கவனமானவ ஐயா. முதல் நாள் அவ சாவி வாங்கப் போனப்ப, மேஜைக்குப் பின்னால ஒரு கறுப்பு ஒயர் அசிங்கமாத் தொங்கிச்சு. பிடுங்கி, அழகாச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கீழ் டிராயர்ல வெச்சது நான்தான். ரெண்டு மிஷினும் ஒண்ணுக்கொண்ணு நேரம் சொல்லிக்கிற ஒயராம் அது, நேத்துதான் சொன்னா. எனக்குச் சொல்ல தைரியமில்லை, நீங்களே சொல்லிடுங்க. முதல்ல குதிப்பா, அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. மூணு மாசமா அனுப்பற போட்டோ எல்லாத்துலயும் மூஞ்சி சுண்டிப் போயிருக்கு. அந்தச் சிரிப்போட புதுசா ஒண்ணு எடுத்துத் தபால்ல அனுப்பி வையுங்க.