சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரை

சரித்திரத்தில் சிலர் வாளால் ஆண்டார்கள், சிலர் மூளையால் ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வயிற்றால் ஆண்ட ஒருவரை அந்தப் புத்தகங்கள் அநியாயமாக விட்டுவிட்டன. அவர்தான் ஆரணி வடக்கு வீதி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஜெகநாதன் அவர்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அவருடைய ஆட்சி உச்சத்தில் இருந்தது. அவருடைய வயிறும்தான்.

அந்த வயிறு சும்மா வளரவில்லை. உறுப்பினர்கள் தறியில் ஏற்றி நெய்யச் சங்கத்துக்கு வருகிற பாவு நூலை வெளியாருக்குக் கொடுத்துப் பாழாக்க மனமில்லாமல், தம் மச்சான் அருணகிரியின் தறிகளுக்கே மொத்தமாக அனுப்பிவைக்கும் பெருந்தன்மை தலைவருக்கு இருந்தது. மச்சானும் நன்றி மறக்கிற ஜாதியில்லை. மத்தியானம் மட்டன் பிரியாணி, சாயங்காலம் போண்டா, ராத்திரி மறுபடியும் பிரியாணி என்று உபசரித்தார். இந்தப் 'பொதுப்பணி'யின் சுமை தாங்காமல் தலைவருக்கு நெஞ்சுக்குழி எரிந்தது. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறியது. மனுஷன் நிஜமாகவே பயந்துபோனார், பாவம். செய்யாறிலிருந்து வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சத்தியராஜிடம் ஓடினார்.

"இரைப்பையில ஆசிட் ஊறும், தலைவரே. சோறு செரிக்கறதுக்கு அது வேணும். அளவு மிஞ்சிப்போனா எரிக்கும். இந்த மாத்திரையில இருக்கற மக்னீசியம், அலுமினியச் சரக்கெல்லாம் அதோட சேந்து வேகத்த அடக்கிடும். ஆசிட்டு தண்ணியும் உப்புமா ஆயிடும்."

"உப்புமாவா? அதுவும் காலையில சாப்ட்டேனே டாக்டர்!"

"அந்த உப்புமா இல்லீங்க. ஆசிட்டு செத்துப்போயிடும்னு வெச்சிக்குங்க."

தலைவர் ஒரு காலத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர். கப்பென்று பிடித்துக்கொண்டார். "இப்பப் புரிஞ்சிடிச்சி. சாயத் தொட்டியில ஆசிட்டு ஏறிப்போனா சோடா போட்டு எறக்குவோம். அதானே?"

"அதேதான். ஆனா உள்ள இருக்கற ஆசிட்டத்தான் மாத்திரை அடக்கும். மறுபடி ஊறறத நிறுத்தாது. அதனால நீங்க பிரியாணிய..."

தலைவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்களுக்கு அறிவுரையில் பாதி போதும்.

மாத்திரை கைகண்ட மருந்தாக இருந்தது. மென்று விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கியது. நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. கூடவே ஞானமும் வந்தது. ஏன் எரிகிறது என்று துருவிக்கொண்டிருப்பது வேலையற்றவர்கள் வேலை. எரிவதை அடக்கிவிட்டால் தீர்ந்தது பிரச்சினை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சங்கத் தலைவர் தேவைப்பட்டார் என்பதில் ஆரணி பெருமைப்பட வேண்டும்.

அந்த ஞானத்துக்கு உடனே வேலையும் வந்தது. பாவு கிடைக்காமல் வடக்கு வீதியில் தறிகள் சும்மா கிடந்தன. தறி ஓடாத வீட்டில் உலை ஏறவில்லை. சங்க வாசலில் கூட்டம் கூடியது.

"வெறும் வயித்துல டீத்தண்ணிய குடிச்சிகினு எத்தினி நாளுக்குங்க இருக்கறது? குடலே எரியுது. பாவு குடுங்க. இல்லன்னா பொதுக்குழுவுல வேற தலைவர் பாத்துக்கறோம்!"

பதவி போய்விடும் என்றதும் தலைவருக்கு மறுபடியும் எரிந்தது. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யோசித்தார். நூலைப் பற்றிச் சொன்னது அவர் காதில் நிற்கவில்லை. எரிகிறது என்றது மட்டும் நின்றது. அட, நம்ம ஜனங்களுக்கும் நம்ம வியாதியேதானா! அவருக்குக் கண் கலங்கியது.

பொதுக்குழு நாளன்று சங்கக் கட்டடத்தில் 'உறுப்பினர் அமில நிவாரண முகாம்' என்று பேனர் தொங்கியது. மச்சான் வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே வந்த தலைவர், உறுப்பினர்களின் வயிற்று அமிலத்தை உடனடியாக நடுநிலையாக்குவது என்ற தீர்மானத்தை முன்மொழிந்து, தாமே வழிமொழிந்து, தாமே கைதட்டினார். டாக்டரின் கம்பவுண்டர் ஜெயவேல் பொட்டலம் பொட்டலமாக மாத்திரை கொடுத்தார். ஓசியில் வருகிறதே என்று ஜனங்களும் வரிசையில் நின்றார்கள். தலைவருக்கு மனசு குளிர்ந்தது. பதவி தப்பித்தது என்றே நினைத்தார்.

வரிசையில் இன்னாசியம்மாள் முறை வந்தது. புருஷனும் பெண்சாதியுமாகத் தறி நெய்கிற வீடு.

"சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சி ரெண்டு மாத்திரை. மென்னு முழுங்கணும்" என்றார் ஜெயவேல்.

"எந்தச் சாப்பாட்டுக்குங்க?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கும்மா."

"அது இல்லீங்களே. நேத்து ராத்திரி கொஞ்சம் கஞ்சி குடிச்சேன். அது கணக்குல வருங்களா?"

கம்பவுண்டருக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பித் தலைவரைப் பார்த்தார். வரிசையும் பார்த்தது.

"ஏம்மா இன்னாசி, நல்ல காரியம் நடக்கற எடத்துல பேஜார் பண்ணாத. மருந்து குடுக்கறது சங்கத்தோட கடமை. சாப்பாடு அவங்கவங்க சொந்த விஷயம். ஜல்தி நகரு."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சுக்குழியில் குப்பென்று ஏறியது. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கடக்முடக்கென்று மென்றார். மருந்து தன் கடமையைச் செய்தது. கூடம் முழுக்கக் கப்சிப்பென்று இருந்த நேரமாகப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் புறப்பட்டு வந்தது.

மாத்திரை அமிலத்தை அடக்கும். வாசனையை அடக்காது. பட்டையும் கிராம்பும் புதினாவும் மட்டனுமாக அது வரிசை நெடுகப் போய்ச் சேர்ந்தது. காலையிலிருந்து சாப்பிடாத மூக்குகளுக்கு மோப்பம் அதிகம்.

"அருணகிரி வூட்டு பிரியாணி வாசன வருதுடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இன்னாசியம்மாள் தன் பொட்டலத்தைத் தலைவரின் மேஜைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் வைத்தார். அடுத்தவரும் வைத்தார். இன்னாசியம்மாள் சொன்னாள்:

"இதெல்லாத்தையும் நீங்களே போட்டுக்குங்க, தலைவரே. இங்க மணக்கறது பிரியாணி இல்லீங்க, எங்க பாவு நூலு. அது செரிக்கறதுக்கு ரெண்டு மாத்திரை பத்தாது."